கெணத்துக்கு அடியில ஒத்த ஃபின்ஸு

மே 4, ஞாயிறு

வெயில் மண்டைய பொளக்குது. ரெண்டு ரவிக்கைக்கு கொக்கி பாக்கி. மவ யாழினி லீவுக்கு பென்னாகரம், எங்கம்மா வூட்டுல. வூடே வெறிச்சுனு.

இவருக்கு தூத்துக்குடிலருந்து பார்சல். கத்தார்ல கூட வேல செஞ்ச ஜெரோம் அண்ணன் அனுப்பினது. அவரு போட்டுப் பழசான கார்பன் ஃபின்ஸு. காலுல மாட்டி நீந்தற வாத்துக்கால்தான், ஆனா கட்டில்ல பாதி நீளம். மடில வெச்சிகினு தடவறாரு. கல்யாணமான புதுசுல என் கைய கூட இப்படி புடிச்சதில்ல.

மாசக் கடைசில கடலுக்குப் போறாராம். மூச்சடக்கி முங்கி, ஈட்டில மீன் குத்த. சிலிண்டர் கெடையாது. சரிப்பட்டா அங்கயே தொழில், வெளியூர் ஆளுங்கள கூட்டிப்போறது. தக்காளி லோடு ஓட்டறது சலிச்சிப்போச்சாம்.

"கார்பன்தான் பெஸ்ட்டு. ஹார்டு பிளேடு. ஒரு உதை உட்டா எங்கயோ போயிடலாம்."

"உதைக்கறது உங்க காலு. அது தாங்குமா?"

"உனக்குத் தெரியாது."

சரி. எனக்குத் தெரியாது.

மே 6, செவ்வாய்

மேகம் கட்டுச்சு, பெய்யல. கரண்டு போயிப் போயி வந்துச்சு. சேலைக்கு ஃபால்ஸ் மூணு.

ஃபின்ஸ மாட்டிகினு கூடத்துல நடந்து காட்டினாரு. குதிகால் பக்கம் என் ரெண்டு வெரல் உள்ள போவுது. ஜெரோம் அண்ணன் ஆறடி ஆளு, இவரு காலு சின்னது. அளவு எடுக்காம வெட்டின துணி எங்கயாச்சும் உக்காருமா?

ரெண்டு சாக்ஸ் போட்டா சரியாயிடுமாம். பழைய ஸ்கூல் பைய பிரிச்சி ஸ்பாஞ்சு வெச்சி தெச்சுக் குடுத்தேன். எதுக்கு குடுத்தேன்னு தெரியல. குடுக்கலன்னாலும் போவாரு, அதான்.

மே 7, புதன்

அவங்கண்ணன் கெணறு. எங்க ஊரு மாரண்டஹள்ளிலருந்து வண்டில போயிடலாம். மத்தியானம் மோட்டார் ஓடாது, ஆள் நடமாட்டம் இல்ல. அஞ்சாள் ஆழம் தண்ணி. வெரால் மீனு இருக்கு.

என் வேல: படியில உக்காந்து எண்ணறது. அவரு உள்ள, நான் மேல.

முங்கறதுக்கு முன்ன புஸ் புஸ்ஸுனு மூச்ச இழுத்து இழுத்து உடறாரு. இந்தப் பக்கம் கெணத்துல முங்கறவன் எல்லாம் அப்படித்தான். நானும் சின்னதுல காவேரிப் பக்கம் அப்படித்தான் கத்துகிட்டேன். அப்பதான் ரொம்ப நேரம் தாக்குப் புடிக்குமாம்.

மூணு தடவ முங்கினாரு. மூணாவதுல தொட புடிச்சிகிச்சு. அந்த ஃபின்ஸு பலகை வளையவே மாட்டேங்குது, இவருதான் வளையறாரு. கல்லுல இடிச்சி ஓரத்துல ஒரு சில்லு பேந்துடுச்சு. அதுக்கு மூஞ்சி அப்படி வாடிப் போச்சு. தொட வலிய பத்தி ஒரு வார்த்த இல்ல.

எண்ணும்போது நடுவுல ரெண்டு நம்பர உட்டுட்டேன். சொல்லல.

மே 11, ஞாயிறு

எழுதிட்டா தூக்கம் வருமோன்னு எழுதறேன்.

அதே கெணறு. ஒரு வெரால குத்திட்டாரு, அது ஈட்டியோட கல்லு சந்துல பூந்துடுச்சு. அத எடுக்க மறுபடி முங்கினாரு. எண்ணிகினே இருந்தேன். எண்ணிக்கை நீண்டுகினே போச்சு.

மேல வந்தாரு. கைய தூக்கி ஓகே காட்டினாரு. கண்ணு மட்டும் எங்கயோ. ஒதடு நாவப்பழக் கலரு. பஸ்ல தூங்கி விழறவங்க மாதிரி மூஞ்சி அப்படியே தண்ணிக்குள்ள சாஞ்சிது. இடுப்புல, சீக்கிரம் கீழ போவ கட்டின ஈயக்கட்டி பெல்ட்டு. எறங்கிட்டாரு.

குதிச்சேன். சுடிதாரோட. அவரு முடி கையில மாட்டுச்சு. உதைக்கறேன் உதைக்கறேன், மேல போவவே மாட்டேங்குது. வெறுங்காலு, தண்ணிய புடிக்கல. பெல்ட்ட அவுக்கணும்னு தோணவே இல்ல. அவரு காலுல அத்தாம்பெரிய ஃபின்ஸு, ஒரு புண்ணியமும் இல்லாம தொங்குது. ஒத்த ஃபின்ஸுதான். இன்னொண்ணு கழண்டு கீழ போறத பாத்தேன்.

படிக்கட்டுக்கு எப்படி இழுத்தேன்னு தெரியல. கன்னத்துல அறைஞ்சேன். வாயில ஊதினேன். ஒரு இழுப்பு இழுத்தாரு.

கண்ணத் தொறந்து மொத வார்த்த: "எதுக்கு முடிய புடிச்சி இழுக்கற?"

ரெண்டாவது: "ஐயோ, ஒரு ஃபின்ஸு எங்க?"

மறுபடி எறங்கப் பாத்தாரு. அறைஞ்ச கையாலயே இன்னொண்ணு வெச்சேன். அப்பறம் கம்முனு உக்காந்தாரு.

மே 12, திங்கள்

தூறல். இவரு லோடு எடுத்துகினு பாலக்கோடு மார்க்கெட்டு. ஆஸ்பத்திரிக்கு போலாம்னேன், காதுலயே வாங்கல.

அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. நெசமாவே இல்ல. மேல வந்தாராம், நல்லாத்தான் இருந்தாராம், நான்தான் பதறிப்போயி குதிச்சி அவர அமுக்கிட்டனாம்.

"நீங்க செத்துட்டீங்க."

"செத்தவன் எப்புடி சோறு துன்றான்?"

சிரிக்கறாரு. பாத்தது நான் ஒருத்திதான். அவருகிட்ட யாரு சொல்லுவா? எனக்கே ஒரு நிமிசம் சந்தேகம் வந்துச்சு, நாமதான் பதறிட்டமோன்னு. அப்பறம் அந்த ஒதட்ட நெனச்சிகிட்டேன். சந்தேகம் இல்ல.

கோவம் கோவமா வருது. பயம்தான் அது.

மே 13, செவ்வாய்

இவருக்குத் தெரியாம ஜெரோம் அண்ணனுக்கு போன் பண்ணேன். நடந்தத சொன்னேன்.

"முங்கறதுக்கு முன்ன மூச்ச வேகமா இழுத்து உட்டானா, தங்கச்சி?"

"ஆமாங்க. எப்பவும் அப்படித்தான்."

"அது கூடாதும்மா. மூச்சு முட்டறதே தெரியாம பண்ணிடும். பொசுக்குனு நெனவு அணைஞ்சிரும். நான் வேணா அவன வரவேண்டாம்னு சொல்லிரவா?"

வேண்டான்னேன். இவர வரவேண்டான்னு நீங்க சொன்னா இன்னொருத்தன்கூட போவாரு, அவன் இதக்கூட கேக்கமாட்டான்.

மே 15, வியாழன்

காலைல கொஞ்சம் குளிரு. மெஷினுக்கு எண்ண போட்டேன். பாவாட நாலு தெச்சி முடிச்சேன். நடு நடுவுல போன்ல ஃபின்ஸு பாத்தேன்.

ஒரு விசயம் மனச அரிக்குது. எல்லாரும் கீழ போறவனுக்குத்தான் ஃபின்ஸு பாக்கறாங்க. மேல நிக்கறவளுக்கு? அன்னைக்கு என் காலுல ஒண்ணு இருந்திருந்தா ரெண்டு உதைல வந்திருப்பேன்.

படிச்சதுல புரிஞ்சது. கார்பன் லேசு, நல்லா துள்ளும், ஆனா கல்லுல பட்டா பொளந்துக்கும். ஃபைபர் பரவால்ல, அதுவும் இடி தாங்காது. பிளாஸ்டிக் கனம்தான், கொஞ்சம் மந்தம்தான், ஆனா கல்லு, படி, மண்ணு எல்லாம் தாங்கும், வருசக்கணக்கா ஒழைக்கும். பலகை வெறப்பா இருந்தா காலு சீக்கிரம் அசந்துடும், மூச்சும் சீக்கிரம் தீரும். எளசா இருந்தா போதும், ஒல்லிக்காலுக்கு அதான் சரி. எல்லாத்தவிட முக்கியம் பாதம் நொழையற எடம். கவ்வணும், கடிக்கக் கூடாது. இத எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்ல, ரவிக்க கை வெக்கறவ நான்.

இஞ்சு டேப்ப எடுத்து என் காலு அளந்தேன். பிளாஸ்டிக், எளசு, என் அளவு. ஆர்டர் போட்டாச்சு. என் பேருலயே.

மே 20, செவ்வாய்

நேத்து ராத்திரி மழ. பார்சல் வந்துச்சு. கொரியர்க்காரரு "என்னக்கா, சர்ஃபிங்கா?"னாரு. சிரிச்சி அனுப்பினேன்.

இவரு பிரிச்சிப் பாத்தாரு. "இது எனக்கு பத்தாதே."

"உங்களுக்கு இல்லீங்க."

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம், "அந்த ஃபின்ஸ எடுக்கணும் புள்ள. அதில்லாம எப்படி போறது?"

"எடுக்கலாம். நான் எடுக்கறேன். நீங்க படியில உக்காந்து எண்ணுங்க."

"உன்னால முடியாது."

"முடியலன்னா பாத்துக்குங்க. அதுக்குத்தான் மேல ஆளு."

மே 25, ஞாயிறு

மேக மூட்டம். கெணத்துல யாரும் இல்ல.

மாட்டுக் கயித்த என் இடுப்புல கட்டி, நுனிய அவரு கையில குடுத்தேன். மொதல்ல மேல் தண்ணில சும்மா முங்கி முங்கிப் பழகினேன். அப்பறம் அவரு மாஸ்க்கு, என் ஃபின்ஸு. புஸ் புஸ்ஸுனு உடல. ரெண்டே மூச்சு, நெதானமா. அவரு படியில. வெறுங்காலு.

போனேன். பலகை வளஞ்சி வளஞ்சி தானா தள்ளுது, காலு வலிக்கவே இல்ல. காது அடைக்காம இருக்க மூக்க புடிச்சி காதுக்கு காத்து உட்டேன். பச்சத்தண்ணி, அப்பறம் இருட்டுத்தண்ணி. கைய தொழாவினேன். சேறு. ஈட்டி. அதுக்குப் பக்கத்துலயே ஃபின்ஸு.

எடுத்துட்டு ஒரு தடவ மேல பாத்தேன். சின்னதா வெளிச்சம். ஒரு சத்தமில்ல. மெஷின் இல்ல, மார்க்கெட்டு இல்ல, ஒருத்தரும் கூப்பிடல. இன்னும் கொஞ்சம் இருக்கலாம்னு இருந்துது. இதுக்குத்தான் இவரு போறாரு. எனக்கு அப்பதான் நெசமான பயம் வந்துச்சு. உடனே உதைச்சேன்.

பாதில வரும்போதே அவரு தண்ணிக்குள்ள. சட்டையோட, பாக்கெட்டுல போனோட. என் முடிய புடிச்சி இழுத்தாரு. கயிறு கையில இருந்துது, இழுத்திருக்கலாம். அத உட்டுட்டு குதிச்சிருக்காரு.

படியில உக்காந்தும் என் முடிய உடல. "எத்தன நேரம்டி. எத்தன நேரம்."

"எத்தன? நீங்கதான எண்ணீங்க?"

"எண்ணல."

மூஞ்சில ஈயாடல. ஃபின்ஸ அவரு மடில போட்டேன். பாக்கவே இல்ல. போன் செத்துப்போச்சு, அரிசி டப்பால போட்டிருக்கேன்.

வூட்டுக்கு வந்து தல தொவட்டும்போது கேட்டாரு. "கடல்ல ஜெரோமு மேல நின்னா, அவன் எண்ணுவானா?"

"அவரு எண்ணுவாரு. குதிப்பாரான்னு தெரியாது."

"அப்ப நீயும் வா."

அப்பறம் மெஷின் மேலருந்த இஞ்சு டேப்ப எடுத்து என்கிட்ட நீட்டினாரு. ஸ்டூல்ல உக்காந்து கால நீட்டினாரு. பிளாஸ்டிக்கே போடலாம், எளசாவே போடலாம்னாரு. அளந்தேன். கால் இன்னும் நடுங்கிகினே இருந்துது, டேப்பு நிக்கல, முட்டிய ஒரு கையால அழுத்திப் புடிச்சிக்க வேண்டியதாப் போச்சு. எடது காலு வலதவிட கொஞ்சம் பெருசு. இத்தன வருசத்துல எனக்குத் தெரியாது.