இன்னொரு கையில் பால்

யானைக் காப்பகம், கிரிக்.
6 ஜூலை 2025

அன்புத் தங்கை சாந்தினிக்கு,

உன் அண்ணன் எழுதுகிறேன். நான் நலம். என் மேல் ஒட்டியிருக்கும் சேறும் நலம். நீயும் மாப்பிள்ளை சுகுமாரனும் என் மருமகன் ஷர்வினும் சுகமாக இருக்கத் தண்ணீர்மலையான் துணை.

போனில் பேசினால் பாதியில் லைன் அறுந்துபோகிறது. நீ கோபித்துக்கொண்டு வைத்தாயா, காட்டில் சிக்னல் போனதா என்று தெரியாமல் நான் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன். அரிசியும் பால்மாவும் வாங்க வாரா வாரம் பினாங்குக்கு வரும் லோரிக்கார ஜபருல்லா அண்ணன் இதைக் கெலுகோரில் உன் வீட்டிலேயே கொடுத்துவிடுவார். பதிலையும் அவரிடமே கொடுத்தனுப்பு.

இங்கே புதிதாக ஒரு பெண் குட்டி வந்திருக்கிறாள். தாயை நெடுஞ்சாலையில் லோரி மோதிவிட்டது. விடியும்வரை அம்மாவின் பக்கத்தை விட்டு நகராமல் நின்றிருக்கிறாள். இந்தான் என்று பெயர் வைத்திருக்கிறோம். என் இடுப்புயரம்தான் இருக்கிறாள், ஆனால் பிடிவாதத்தில் உனக்குப் பெரியம்மா.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் பால். பிள்ளைகளுக்கான பால்மாவில் அரிசிக் கஞ்சியும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் கலந்து பெரிய போத்தலில் ஊற்றுவோம். கொட்டகையில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டிருக்கிறோம். அதில் நெற்றியை முட்டுக்கொடுத்தால்தான் குடிப்பாள். தாயின் வயிறு என்று நினைப்பு, பாவம். குடித்ததும் சேற்றில் புரளல், அப்புறம் ஒரு பழைய டயரோடு சண்டை, அப்புறம் என் பக்கத்தில் வைக்கோலில் தூக்கம். தும்பிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. சில நேரம் அதையே மிதித்து விழுகிறாள், சில நேரம் ஷர்வின் விரல் சூப்புவது போல் வாயில் போட்டுக்கொள்கிறாள். நேற்று என் கைலியை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். காப்பகமே கைகொட்டிச் சிரித்தது.

மருமகனுக்குக் காது குத்த நாள் பார்த்தாயிற்றா? மாமன் மடி தயார்.

பிரியமுள்ள அண்ணன்,
அரசு


கெலுகோர்.
14 ஜூலை 2025

என் அண்ணனுக்குச் சாந்தினியின் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. இவரும் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். உங்களுக்குச் சிரிப்பு, எனக்கு இங்கே உயிர் போகிறது.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டேன். பகலில் ஷர்வினை இவர் அக்கா புஷ்பவள்ளிதான் பார்த்துக்கொள்கிறார். உங்கள் மருமகன் அவர் கையில் ஒரு சொட்டுப் பால் குடிக்க மாட்டேன் என்கிறான். போத்தலைக் கண்டாலே முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்துகிறான். நான் வீடு வந்து சேரும்போது தொண்டை கட்டிப்போய்க் கிடக்கிறான். புஷ்பா அக்கா என்னைப் பார்த்து, "என்னம்மா பிள்ள வளத்திருக்க? ஒன்னைத் தவிர ஒலகத்துல யாருமே இல்லைன்னு சொல்லிக் குடுத்தியா?" என்கிறார். எனக்கும் வாய் சும்மா இருக்குமா? ரெண்டு வார்த்தை வந்துவிட்டது. இப்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை. இவர் நடுவில் மத்தளம்.

காது குத்த நாள் குறித்தாயிற்று. ஆவணியில் சஷ்டி, ஆகஸ்ட் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை. தண்ணீர்மலை கோயிலில். ஏழாம் மாதம் தாண்டக் கூடாது என்று ஐயரும் சொல்லிவிட்டார். "மாமன் வருவாரா, இல்ல ஆனை மேல ஏறிக் காட்டுக்குள்ள போயிடுவாரா?" என்று அக்கா இப்போதே ஆரம்பித்துவிட்டார். அம்மா அப்பா போன பிறகு என் பக்கம் என்று சொல்ல எனக்கு நீங்கள் ஒருவர்தான் அண்ணா. இவர்கள் வீட்டுப் பக்கம் ஒரு பஸ் நிறைய ஆள் வரும். என் பக்கம் ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆள் வராமல் போனால் நான் யார் முகத்தில் விழிப்பேன்?

தங்கை,
சாந்தினி


கிரிக்.
22 ஜூலை 2025

அருமைச் சாந்தினிக்கு,

முதலில் மருமகன் விஷயம். புஷ்பா அக்கா அவனை எப்படிப் பிடித்துக்கொள்கிறார்? முகத்துக்கு நேராக முகம் வைத்து, "குடிடா ராஜா, குடிடா" என்று கொஞ்சுகிறாரா? கூடாது. இங்கே புதுக் குட்டிக்கு யாரும் கண்ணைப் பார்த்துப் பால் கொடுப்பதில்லை. புது முகம் பயம் காட்டும். அவனைத் தெருப் பக்கம் பார்க்கும்படி மடியில் திருப்பி வைக்கச் சொல். ரோட்டில் போகும் காடியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நீ போட்டுக் கழற்றிய பாஜுவை அக்கா தோளில் போட்டுக்கொள்ளட்டும், துவைக்காமல். நான் சொன்னேன் என்று சொல்லாதே, யானைக்காரன் சொன்னதைக் கேட்பாரா?

இனி என் கதை. இங்கே ஒரு சட்டம் உண்டு. ஒரு குட்டிக்கு ஒரே ஆள் தொடர்ந்து பால் கொடுக்கக் கூடாது. ஆள் மாற்றி மாற்றித்தான் கொடுக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் ஒட்டிக்கொண்டால், அந்த ஆள் ஒரு நாள் இல்லாவிட்டாலும் குட்டி வாயைத் திறக்காது. இரண்டு நாள் பட்டினி கிடந்தால் குட்டி கையை விட்டுப் போய்விடும். இந்தான் வந்த சமயத்தில் என்னோடு வேலை செய்யும் அஸ்ஹர் டெங்கிக் காய்ச்சலில் படுத்துவிட்டான். சுங்கை பாக்காப்காரன், மூன்று பிள்ளைக்குத் தகப்பன், நல்ல கைராசிக்காரன். அவன் திரும்பி வருவதற்குள் இவள் என்னை அம்மா என்று முடிவு கட்டிவிட்டாள். அஸ்ஹர் போத்தலை நீட்டினால் தட்டிவிட்டு என் முழங்காலுக்குப் பின்னால் ஒளிகிறாள். எங்களையெல்லாம் வேலை வாங்கும் மண்டோர் என்னைக் கண்டபடி ஏசினார். ஏச்சு வாங்கும்போதுகூட உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது, உன்னிடம் சொல்வதற்கென்ன.

பயப்படாதே. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் பழக்கிவிடுவோம். வருகிறேன்.

அண்ணன்,
அரசு


கெலுகோர்.
4 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

குடித்துவிட்டான்! புஷ்பா அக்கா என் பாஜுவைப் போர்த்திக்கொண்டு, அவனை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, போகிற வருகிற மோட்டாரையெல்லாம் எண்ணிக் காட்டி, போத்தல் காலி. என் வேலையிடத்துக்குப் போன் போட்டு, "சாந்தினி, குடிச்சிட்டான்லா! முழுசும் குடிச்சிட்டான்!" என்று கத்தினார். பேசாமல் இருந்தோம் என்பதையே இருவரும் மறந்துவிட்டோம். யானைக்காரர் சொன்ன வழி என்று நான்தான் உளறிவிட்டேன். போனில் போத்தல் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்தக் குட்டிக்கு எப்படி, நல்லா குடிக்குதா?" என்று கேட்டார். இப்போது லோரி வரும் நாளெல்லாம் ஜபருல்லா அண்ணனிடமும் அதே கேள்விதான்.

ஒன்று மட்டும் நடந்தது, சொன்னால் சிரிக்கக் கூடாது. ஒரு நாள் சீக்கிரம் வந்து, கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். எப்படித்தான் தெரிந்ததோ, பாலைத் துப்பிவிட்டு அலற ஆரம்பித்துவிட்டான். அக்கா என்னை விளக்குமாற்றால் அடிக்காத குறை.

உங்கள் குட்டி என்ன ஆனாள்? சாப்பாட்டுக்குச் சொல்லியாயிற்று, ஆசாரியிடமும் சொல்லியாயிற்று. அண்ணா, நான் சும்மா மிரட்டவில்லை. இருபத்தொன்பதாம் தேதி நீங்கள் வரவில்லையென்றால், எனக்கு அண்ணன் என்று ஒருவர் இல்லை என்றே நினைத்துக்கொள்வேன். எழுதும்போதே அழுகையாக வருகிறது, ஆனால் அடிக்க மாட்டேன் இந்த வரியை.

சாந்தினி


கிரிக்.
26 ஆகஸ்ட் 2025

சாந்தினி,

என்னால் வர முடியாது.

எல்லாம் செய்து பார்த்தோம் அம்மா. அஸ்ஹர் என் சட்டையைப் போட்டுக்கொண்டான், என் கைலியையும் கட்டிக்கொண்டான். நான் கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். போர்வையில் முட்டினாள், போத்தலை மோந்தாள், குடிக்கவில்லை. இரண்டு வேளை விட்டுப் பார்த்தோம். மூன்றாவது வேளை சுவரைத் தும்பிக்கையால் தடவித் தடவி அழுதாள். அது எப்படி அழும் தெரியுமா, மனுசப் பிள்ளை தோற்றுப்போகும். அன்று வயிற்றுப்போக்கும் கண்டுவிட்டது. நான் உள்ளே போய்விட்டேன். வேறு என்ன செய்வேன்?

நான் காடியேறிவிட்டால் திரும்பி வரும்போது அவள் இருக்க மாட்டாள். நீ என்னைத் திட்டு. அண்ணன் இல்லை என்றே சொல். ஷர்வினை உங்கள் வீட்டில் யாராவது மூத்தவர் மடியில் வைத்துக் காது குத்திவிடுங்கள். நல்ல நேரத்தைத் தவறவிட வேண்டாம்.

அரசு


கெலுகோர்.
30 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மலையேறும்போதுகூடப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், எங்கேயாவது வந்துவிட மாட்டீர்களா என்று. சன்னிதியில் ஆசாரி ஊசியை எடுத்து வைத்துவிட்டு, "தாய்மாமன் எங்கம்மா?" என்றார். "வரல" என்றேன். கூட்டத்தில் ஒரே முணுமுணுப்பு. இவருடைய பெரியப்பா மகன் ஒருவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்காரப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "யார் மடியில வேணும்னாலும் வைங்க, எனக்கு அண்ணன் இல்ல" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

புஷ்பா அக்கா பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கொடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். "கொஞ்சம் நில்லுங்க" என்றார். "பால் குடிக்காத பிள்ளைய மடியில வச்சிக்கிட்டுத் தவிக்கிறது என்னான்னு எனக்குத் தெரியும். மூணு வாரம் நான் பட்டேன். அந்தப் பிள்ளைக்கு அவரு ஒருத்தருதான். விட்டுட்டு வந்தாருன்னா அவரு என்னா மாமன்? அவரு வரட்டும். அதுவரைக்கும் என் தம்பி மகன் காதுல ஊசி படக் கூடாது." பெரியப்பா மகன் அப்படியே பின்வாங்கிவிட்டார். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஏழு தவறினால் பிள்ளைக்கு ஒன்பதாம் மாதம் என்று சொல்லி, தீபாவளி முடிந்து அக்டோபர் முப்பத்தொன்றைக் குறித்துக் கொடுத்தார்.

அர்ச்சனை மட்டும் செய்துவிட்டு இறங்கினோம். ஆக்கிய சோறு வீணாகுமா? கோயிலுக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தோம். காது குத்தாமலேயே காதுகுத்து விருந்து நடத்திய முதல் வீடு நம்முடையதுதான் போல.

எனக்கு வெட்கமாக இருக்கிறது அண்ணா. என்னைவிட அவர் உங்களைப் புரிந்துகொண்டுவிட்டார். இல்லை என்று சொன்ன வாயைக் கழுவிவிட்டேன்.

ராத்திரி உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். இது அக்கா எழுதச் சொன்னது, அப்படியே எழுதுகிறேன்: "சுவத்துக்குப் பின்னால ஒளிஞ்சா ஆனைக்குத் தெரியாதா? கதவுக்குப் பின்னால இவ நின்னப்ப நம்ம பயலுக்கே தெரிஞ்சிடுச்சி. நீங்க பக்கத்துல இருக்கிற வரைக்கும் அது ஏன் அடுத்தவர் கையில குடிக்கப் போவுது? காப்பகத்தை விட்டே வெளிய போங்க தம்பி. உங்களால முடியாதுன்னா அது உங்க கொறை, குட்டி கொறையில்ல."

உங்கள் தங்கை,
சாந்தினி


கிரிக்.
22 அக்டோபர் 2025

என் தங்கச்சிக்கும், மரியாதைக்குரிய புஷ்பா அக்காவுக்கும்,

தீபாவளி வாழ்த்து கொஞ்சம் தாமதமாக வருகிறது, மன்னிக்கவும். முறுக்கு வந்து சேர்ந்தது. அஸ்ஹர் பாதியைத் தின்றுவிட்டான். அவனைத் திட்ட முடியாது, காரணம் கீழே.

அக்கா சொன்னதை மண்டோரிடம் சொன்னேன். "நான் உன்கிட்ட தொண்ட கிழிய சொன்னது இதுதான்லா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். முதலில் இந்தானின் உடம்பைத் தேற்றினோம். செப்டம்பர் முழுக்க அஸ்ஹரும் நானும் ஒன்றாகவே போத்தலைப் பிடித்தோம். அவன் கை வாசமும் என் கை வாசமும் சேர்ந்தே அவளுக்குப் பிடிபட்டது. பிறகு நான் ஆற்றங்கரை வரைக்கும் போனேன், பிறகு கேட்டுக்கு வெளியே. நான் போன வேளையெல்லாம் அஸ்ஹர் கையில் கொஞ்சமாவது குடித்தாள். தீபாவளியன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஜபருல்லா அண்ணன் லோரியில் கிரிக் பட்டணத்துக்கே போய்விட்டேன். ராத்திரி அவர் வீட்டில் நெய்ச்சோறு. நல்ல சோறுதான். நான்தான் பால் வேளைக்குப் பால் வேளை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் போட்டுக் கேட்கவும் பயம். குடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால்?

விடிந்ததும் ஓடி வந்தேன். கொட்டகைக்குள் அஸ்ஹர் போத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இவள் போர்வையில் நெற்றியை முட்டுக்கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, மடக் மடக் என்று குடித்துக்கொண்டிருக்கிறாள். ராத்திரி ஒரு வேளைகூட விடவில்லையாம். நான் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தாள். தும்பிக்கையை நீட்டி என் முகத்தையெல்லாம் தடவினாள். பாலை மட்டும் விடவில்லை. தடவிவிட்டு, திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டாள்.

சாந்தினி, எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. கொட்டகைக்கு வெளியே வந்து, நடு முற்றத்தில் நின்று, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அஸ்ஹர் பதறிப்போய், "ஏண்ணே அழுவுறீங்க? நல்லாத்தானே குடிக்கிறா?" என்றான். "அதுக்குத்தாண்டா" என்றேன். அதற்கு மேல் அவனுக்கு விளக்கத் தெரியவில்லை. உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஷர்வின் உன்னைத் தேடாமல் அக்கா மடியில் தூங்கிப்போன அன்று நீயும் அழுதிருப்பாய், எழுதாமல் விட்டிருப்பாய்.

மண்டோர் ஒரு வாரம் லீவு போட்டுக் கொடுத்துவிட்டார். நான் கேட்டது இரண்டு நாள். "போயிட்டு வாலா, இங்க உன்னை யாரும் தேட மாட்டாங்க" என்றார். மனுசன் ஆறுதல் சொல்லும் அழகைப் பார்.

ஷர்வின் என் மடியில் கத்துவான். கத்தட்டும், இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். குத்தி முடித்ததும் அவன் யாரிடம் தாவுகிறானோ அவரிடம் கொடுத்துவிடுகிறேன். நீயும் நானும் அன்றைக்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. முப்பத்தொன்றாம் தேதி யாரும் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். நீங்கள் மலையேறி வரும்போது நான் மேலே உட்கார்ந்திருப்பேன்.

ஷர்வினின் தாய்மாமன்,
திருநாவுக்கரசு