சுவருக்குத் தெற்கே

அக்டோபர் 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. கேஸ் சிலிண்டர் பதிய வேண்டும். முழங்கால் எண்ணெய் தீர்ந்தது.

பள்ளிக்கூட ஆபீஸில் மாற்றுச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தபோது கொழும்பிலிருந்து போன். ரோஸ்லின், செபஸ்தியான் பெரியப்பாவின் மகள். அம்மா அடக்கத்துக்குப் பிறகு நாங்கள் பேசியதே இல்லை. பெரியப்பாவுக்கு எண்பத்தெட்டு. நுரையீரலில் நீர், மூக்கில் குழாய். கிறிஸ்துமஸைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"அக்கா, அப்பா ஒரே புலம்பல். அவங்க அம்மாட கல்லறையைப் பார்க்கணுமாம். போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்புவீங்களா?"

அவர் அம்மா கித்தேரி. என் தாத்தாவின் தங்கை. அம்மா தன் அத்தையைப் பற்றிச் சொன்னது மொத்தமே இரண்டு வார்த்தை: "காய்ச்சல்ல போனா." அவள் செத்த அடுத்த மாதமே புருசன் ஒன்பது வயது மகனைத் தோணியில் ஏற்றிக்கொண்டு கொழும்பு போய்விட்டார். பெரியப்பா திரும்பி வரவே இல்லை. முதலில் அவர் அப்பா விடவில்லை. பிறகு அங்கே சண்டை. பிறகு இடுப்பு முறிவு.

சரி என்றேன். ஒரு போட்டோதானே.

அக்டோபர் 18, சனி

ஊருக்குப் போனேன். பாளையிலிருந்து இரண்டு பஸ், ஆத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோ. குடைக்கம்பி ஒன்று ஒடிந்தது. அம்மா வீடு இருந்த இடத்தில் யாரோ செல்போன் கடை வைத்திருக்கிறார்கள். நின்று பார்க்கவில்லை.

கல்லறைத் தோட்டம் கோவிலுக்குப் பின்னால். மணல், உடைமுள், சாய்ந்த குருசுகள். கல்லறைத் திருநாள் நெருங்குவதால் சில குடும்பங்கள் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தன. வரிசை வரிசையாகப் படித்தேன். மிக்கேல். மரிய பிரகாசி. இஞ்ஞாசி. "எங்கள் செல்ல மகள்", பெயர் உதிர்ந்துவிட்டது. மறுபடி ஒரு மிக்கேல். மூன்று மணி நேரம். கித்தேரி இல்லை. மரக்குருசு என்றால் எப்போதோ கறையான் தின்றிருக்கும்.

குழிவெட்டும் அருளப்பன் வந்தான். ஐம்பது வயதிருக்கும்.

"யாரைத் தேடுதிய யக்கா?"

"எண்பது வருசத்துக்கு முந்தி செத்தவங்க."

"எண்பதா! இங்கன இருவது வருசத்துக்கு மேல யாருமே தனியாக் கெடக்கதில்ல. அதே இடத்துல திரும்பத் தோண்டுவோம். எலும்பு வந்தா மெள்ள எடுத்து, அந்தா தெரியுதுல்லா, அந்தக் குழியில போட்டுருவோம். எங்கப்பாவும் அதுலதான் கெடக்காவ."

சிமெண்ட் மூடி போட்ட குழி. மூடிமேல் ஒரு ஆடு.

பெயரைச் சொன்னேன். எந்த வீடு என்று கேட்டான். தாத்தா பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். "மழ வருது யக்கா," என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. கால் வீக்கம்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி லீவு முடிந்து பாதிப் பிள்ளைகள் வரவில்லை. சாயந்திரம் பெரியப்பாவே பேசினார். மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. எத்தனை வருடம் ஆனாலும் பேச்சு நம்ம ஊர்ப் பேச்சுதான். கல்லறைத் தோட்டத்தை மட்டும் கொழும்பில் சொல்கிற மாதிரி கனத்தை என்கிறார்.

எல்லாரையும் ஒரே குழியில் போட்டிருக்கிறார்கள், உங்கள் அம்மாவும் அதிலே இருப்பார்கள் என்றேன். கேட்டுக்கொண்டார். பிறகு, "கனத்தைச் சுவரு எதுவரைக்கும் இருக்கு? தள்ளிக் கட்டியிருக்காவளா?"

கவனிக்கவில்லை பெரியப்பா என்றேன்.

"கவனிக்கணும் பிள்ளை."

வயதானால் ஒன்று கேட்க வந்து வேறொன்று கேட்பார்கள்.

செய்ய வேண்டியவை: குடை ரிப்பேர். தையல்காரியிடம் ஜாக்கெட். கோவில் அடக்கப் பதிவுப் புத்தகம் பார்க்க முடியுமா என்று, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரிடம் கேட்க.

அக்டோபர் 25, சனி

மறுபடி ஊர். வெயிலும் மழையும் மாறி மாறி.

உபதேசியார் நல்ல மனிதர். பீரோவைத் திறந்து பழைய புத்தகங்களை எடுத்து வைத்தார். ஆற்றில் வந்த அந்தப் பெரிய வெள்ளத்தில் எல்லாம் நனைந்து, காய்ந்து, அப்பளக்கட்டு மாதிரி உப்பியிருக்கின்றன. வெண்ணெய் தடவும் கத்தியால் ஒவ்வொரு தாளாகப் பிரித்தோம். கையெல்லாம் சேற்று வாசனை. பாதிக்கு மேல் மை கரைந்து நீலத் திட்டு. எங்களுக்கு வேண்டிய வருடம் மட்டும் சுத்தமாக இருந்தது. என் நேரம்.

அந்த வருடம் முழுக்க இரண்டு தரம் படித்தேன். பிறந்து இரண்டு நாளான குழந்தையைக்கூட எழுதியிருக்கிறார்கள். ஊர் பேர் தெரியாமல் கரையில் ஒதுங்கிய ஒரு மாலுமியை எழுதியிருக்கிறார்கள். கித்தேரியை எழுதவில்லை.

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதாம அடக்கம் பண்ண மாட்டாவம்மா. எழுதலன்னா..." நிறுத்திக்கொண்டார். "அருளப்பன்ட்ட கேளுங்க. அவன் அப்பாவுக்குத் தெரியாத அடக்கம் கிடையாது."

அருளப்பன் மாதா கெபிப் பக்கம் வலை பின்னிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும். உங்க வீட்டு விசயம், நான் எப்படிச் சொல்ல?"

"சொல்லுப்பா."

"ஆத்துல விழுந்துட்டாவ யக்கா. தவறி விழல. வீட்டுல புருசன் கூட ஏதோ. ரெண்டு நாள் கழிச்சி எடுத்தாவளாம். அந்தக் காலத்துல அப்படிப் போனவங்கள உள்ள வைக்க மாட்டாவ. மணி கிடையாது, சாமியார் மந்திரிப்பு கிடையாது. சுவருக்குத் தெக்க, வெளியதான் வெட்டினோம்னு எங்கப்பா சொல்லுவாரு. அவருக்கு அப்ப இருவது வயசு. எங்க தாத்தாவும் அவருமா ரெண்டு பேரு. வேற ஒரு ஆளு வரலையாம்."

"எங்க தாத்தாவும் வரலையா?"

தலையை ஆட்டினான். வரவில்லை.

தெற்குப் பக்கம் கூட்டிப் போனான். சுவர் பழைய சுவர்தான். ஒரு அடிகூடத் தள்ளவில்லை. அந்தப் பக்கம் நாலு எட்டு மண். பிறகு தண்ணீர். "முன்ன அங்கன தென்னந்தோப்பே இருந்துச்சி. வெள்ளத்துல மொத்தக் கரையும் போயிட்டு." ஆறு கலங்கலாக, ஆகாயத்தாமரையை இழுத்துக்கொண்டு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தாத்தா சப்பரத்துக்கு முன்னால் வெள்ளிக் குருசு பிடித்து நடப்பார். அவர் மாதிரி நிமிர்ந்து நடக்க யாராலும் முடியாது என்று அம்மா பெருமைப்படுவாள். தங்கைக்கு ஒரு கைப்பிடி மண் போடப் போகவில்லை. அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்துதான் காய்ச்சல் என்றாள்.

பஸ்ஸில் ஒருவன் முழு வழியும் போனில் கத்திக்கொண்டு வந்தான். நல்லதாகப் போயிற்று. யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

சம்பளப் பட்டியலில் இரண்டு பெயரை மாற்றி எழுதிவிட்டேன். தலைமையாசிரியை முகம் சுளித்தார்.

ரோஸ்லினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். பிறகு, "அக்கா, இதை அப்பாட்ட சொல்ல வேணாம். ஏதாவது ஒரு பழைய குருசைப் படம் பிடிச்சு அனுப்புங்க. அவர் நிம்மதியாப் போகட்டும்."

முதல் நாள் எடுத்த படங்களில் ஒன்று இருந்தது. பெயரில்லாத கல்குருசு, பக்கத்தில் நித்திய கல்யாணிச் செடி. பார்க்க அழகாகவே இருந்தது. அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகு சாப்பிடப் பிடிக்கவில்லை. தோசை மாவு புளித்துக் கிடக்கிறது.

அக்டோபர் 29, புதன்

ஆபீஸ் முடிகிற நேரம். பெரியப்பா. வீடியோவில். முகம் இவ்வளவு சின்னதாகப் போகும் என்று நினைக்கவில்லை. கண் மட்டும் அப்படியே என் அம்மா கண்.

"படம் பாத்தேன்."

"சரி பெரியப்பா."

"அது யாரு குருசு?"

பியூன் சாவிக்கொத்தோடு வாசலில் நின்றார். அவரைப் போகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

"பிள்ளை, அம்மா ஆத்துல போனது எனக்குத் தெரியும். என்னை வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டிட்டாவ. சன்னல் வழியாப் பாத்தேன். ரெண்டு பேரு கட்டில்ல தூக்கிட்டுப் போனாவ. கனத்தை வாசல் வந்ததும் உள்ள திரும்புவாவன்னு பாத்துட்டே நின்னேன். திரும்பல. நேராப் போயிட்டாவ." மூச்சு வாங்கினார். ரோஸ்லின் கை குழாயைச் சரி செய்தது. "அது வெளியன்னு எனக்கு அப்பவே தெரியும். ஊரு பெருகியிருக்குமே, இடம் பத்தாம சுவரைத் தெக்க தள்ளிக் கட்டியிருப்பாவன்னு நெனச்சேன். அப்படிக் கட்டியிருந்தா அம்மா உள்ள வந்திருப்பாள்லா? இத்தன வருசமா அத ஒண்ணத்தான் நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

எண்பது வருடம். ஒரு சுவர் பத்தடி நகர வேண்டும் என்று.

சொன்னேன். சுவர் நகரவில்லை. கரை போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது ஆறு.

குழாயில் காற்று போகிற சத்தம் மட்டும்.

"ரெண்டாந்தரமும் ஆறே கொண்டு போயிட்டு," என்றார்.

பிறகு, "மாமா போனாவளா? அம்மாவை வைக்கும்போது?"

"போனாவளாம் பெரியப்பா. தாத்தாதான் முதல் மண்ணு போட்டாவளாம்."

"அப்படியா." முகம் ஒரு நிமிடம் வேறு மாதிரி ஆனது. "மாமா நல்லவரு."

அது ஒன்று மட்டும் பொய். தாத்தாவுக்காகச் சொல்லவில்லை.

வைக்கும் முன் ஒன்று கேட்டார். கல்லறைத் திருநாள் பூசையில் செத்தவர்கள் பெயரை வாசிப்பார்கள் இல்லையா, அதில் அம்மா பெயரையும் சேர்க்க முடியுமா. இப்போது யாரும் தடுக்க மாட்டார்கள் என்றேன்.

அக்டோபர் 31, வெள்ளி

உபதேசியாருக்குப் போன். பெயர் சொன்னேன். "கித்தேரி. எழுதிட்டேன்மா. கூட என்ன போட? இன்னார் மனைவின்னா?"

"பெயர் மட்டும் போதும்."

ரேஷன் அரிசி வாங்கியது. சளி.

நவம்பர் 2, ஞாயிறு

கனமழை எச்சரிக்கை. போக வேண்டாம் என்று பக்கத்து வீட்டுக்காரி. போனேன்.

கல்லறைத் தோட்டம் முழுக்கக் குடை. மெழுகுவர்த்தி எதுவும் நிற்கவில்லை. பூசை தொடங்கியதும் கொழும்புக்குப் போன் போட்டேன். ரோஸ்லின் அதைப் பெரியப்பா காதில் வைத்தாள். நான் ஸ்பீக்கர் பக்கம் போய்ப் போனைத் தூக்கிப் பிடித்தேன்.

உபதேசியார் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். எல்லாரும் கொடுத்திருக்கிறார்கள், நாலு பக்கம் இருக்கும். இரண்டாம் பக்கம் வருவதற்குள் பெருமழை பிடித்துக்கொண்டது. மைக் கரகரத்து நின்றது. தாளில் மை ஓடுவது எனக்கே தெரிந்தது. சாமியார் ஏதோ சொல்ல, உபதேசியார் "மற்றுமுள்ள எல்லாரும்" என்று கத்தி முடித்துவிட்டார். எல்லாரும் கோவிலைப் பார்த்து ஓடினார்கள்.

போனைக் காதில் வைத்தேன்.

"வாசிச்சாச்சா பிள்ளை? மழைச் சத்தந்தான் கேட்டுச்சி."

வாசித்தார்கள் என்று சொல்ல ஒரு நொடி போதும். புதன்கிழமை சொன்ன பொய்யே அதிகம்.

"இல்ல பெரியப்பா. பாதியிலேயே நிறுத்திட்டாவ."

மூச்சு. மூச்சு.

"அப்ப நீ சொல்லு."

தெற்குச் சுவருக்குப் போனேன். சேற்றில் செருப்பு ஒன்று போயிற்று. சுவரில் கை வைத்து, ஆற்றைப் பார்த்து, பெயரைச் சொன்னேன். மழையில் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா."

கித்தேரி என்று கத்தினேன்.

"இன்னொருக்கா."

கத்தினேன். திரும்பத் திரும்பக் கத்தினேன். கோவில் வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். அருளப்பன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். அப்புறந்தான் போனைப் பார்த்தேன். லைன் போய்விட்டிருந்தது. எத்தனை தரம் அவர் காதில் விழுந்தது என்று தெரியவில்லை. திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை.