சின்ன வாங்கு பத்து

மச்சான்,

உன் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், உன்னைக் கட்டிய என் தங்கச்சி உன் அலுமாரியை ஒதுக்கினாள். சணல் கயிற்றால் கட்டிய ஒரு கட்டைக் கொண்டுவந்து, "அண்ணை, இது உங்கடை கடைக் கடிதங்கள். அவர் ஒண்டையும் எறியேல்லை. நீங்களே வைச்சிருங்கோ" என்று என் கையில் தந்தாள். அவிழ்த்தபோது லேசாக அரக்கு மணத்தது. நடுவில் நான் கண்டிராத ஒரு கடிதம். பதினொரு வருடத்துக்கு முன் நமது கடை விலாசத்துக்கு வந்தது.

அதற்கு முதல் நாள்தான், பந்தியில் இருந்த எல்லோருக்கும் கேட்க, நீ ஒரு பொய் சொல்லி நான் கண்டதில்லை என்று சொல்லியிருந்தேன். ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.

பாலை மரமும் முதிரை மரமும் நிற்கிற காட்டுக்குள் இருந்துகொண்டு இந்தியாவிலிருந்து மரச்சாமான் எடுக்கிறார்களாம் என்று முள்ளியவளைச் சந்தியே நம்மைப் பார்த்துச் சிரித்தது. நீ அசரவில்லை. குடியேற்றத் திட்டங்களுக்கு வந்த சனங்களின் பிள்ளைகளுக்கு விளையாட ஒன்றுமில்லை என்று கண்டுபிடித்தவன் நீதான். மாங்குளம் ஸ்டேசனில் வந்திறங்கிய முதல் பெட்டியை வைக்கோல் விலக்கித் திறந்தோம். சிவப்பும் மஞ்சளுமாய் நடைவண்டி, பம்பரம், சின்னச் சின்னச் சட்டி பானை, குங்குமச் சிமிழ். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடைக் கொட்டில் போட்டோம். பொழுதுபட முன்னமே பெட்டி காலி. எல்லாம் ஒரே கை செய்தது என்று கூவி விற்றவன் நான்.

அந்தக் கையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தலைமன்னாரில் கப்பலேறி, தாமிரபரணிக் கரையில் இருந்த கடைசல்காரர் வீட்டில் இரண்டு நாள் தங்கினேனே. சுழல்கிற மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துவார், சூட்டில் உருகி நிறம் ஏறும். தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பாக்குவார். சின்னப் பிள்ளைகள் வாயில் வைப்பார்கள் என்று ஒவ்வொரு சாமானையும் தன் கன்னத்தில் உரசிப் பார்த்த பிறகுதான் பெட்டியில் வைப்பார். மரச் சிலாம்பு துருத்திக்கொண்டிருந்தால் கன்னம் சொல்லிவிடுமாம். அப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் ஊரெல்லாம் கள்ளன் என்று சொல்லித் திரிந்தேன்.

அடுத்த வருடம், பிள்ளைகள் குந்தியிருந்து சாப்பிடச் சின்ன வாங்கு இருக்கிறதா என்று பலர் கேட்டார்கள். வழக்கம்போல நான் சொல்ல நீ எழுதினாய். உன் எழுத்து முத்து முத்தாக இருக்கும், எனக்குப் பேனா ஓடாது. "தேக்கில் சின்ன வாங்கு பத்து. பொங்கலுக்கு முன் வேண்டும்." அவ்வளவுதான் எழுதினாய்.

"பிள்ளையள் இருக்கிற வாங்கு எண்டு விளக்கமாய் எழுதுவமோ?" என்று கேட்டேன்.

நீ பேனாவை மூடிவிட்டாய். "அங்கையும் தமிழ்தானே மச்சான். விளங்கும்."

மூன்று கிழமையில் பதில் வந்தது. "தாங்கள் எழுதியபடி தேக்கில் பத்து வாங்கிவிட்டேன். மேற்கொண்டு எழுதவும்." நீ வாசிக்க வாசிக்க எனக்குக் கொதித்தது. தன் கையால் செய்யாமல், எங்கோ சந்தையில் வாங்கி நம் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். செய்யச் சொன்னால் வாங்குகிறீரே, இனி உம்முடைய சாமானே வேண்டாம் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நீ ஒரு சொல் குறையாமல் எழுதினாய். அதற்கு மறுமொழி வரவில்லை என்றும் சொன்னாய். "கள்ளன் என்னத்தை எழுதுவான்?" என்றாய். அந்தப் பொங்கலுக்கு நம் கொட்டில் வெறுமையாய்க் கிடந்தது. கேட்டவர்களுக்கெல்லாம், "அந்தாள் எங்களைப் பேய்க்காட்டி ஏமாத்திப்போட்டான்" என்று சொன்னேன். கடையில் பிறகு சவர்க்காரமும் மண்ணெண்ணெயும்தான்.

மறுமொழி வந்திருக்கிறது, மச்சான். இதோ என் முன்னால் இருக்கிறது.

"ஐயா, தங்கள் கடிதம் கண்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தேக்குப் பலகை பத்து வாங்கச் சொல்கிறீர்கள் என்றே நினைத்து வாங்கிவிட்டேன். பிறகு இலங்கையில் கடை வைத்திருந்த ஒருவரிடம் காட்டினேன். நாங்கள் பெஞ்சு என்பதை உங்கள் ஊரில் வாங்கு என்பார்கள் என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பலகை அப்படியே இருக்கிறது. கால் உயரம் மட்டும் ஒரு வரி எழுதுங்கள். பொங்கலுக்கு முன் அனுப்பிவிடுகிறேன்."

அவர் கோபிக்கவேயில்லை. கால் உயரம் ஒன்பது அங்குலம். அதை எழுதப் போனால் உன் எழுத்தில் பிழை வந்ததை நான் அறிந்துவிடுவேன் என்று நீ எழுதவில்லை. கிழித்தெறியவும் துணிவு வரவில்லை. நான் அவரைத் திட்டிய போதெல்லாம் பக்கத்தில் இருந்து தலையாட்டினாய். ஒரு தடவையாவது "விடு மச்சான், பழைய கதை" என்று சொல்லியிருக்கக் கூடாதா? என் மேலும் எனக்குக் கோபம்தான். கன்னத்தில் உரசிப் பார்த்ததைக் கண்ணால் கண்டவன் நான். ஒரு வரியை வைத்து அவரைக் கைவிட்டேனே.

அன்றே என் கோணல் எழுத்தில் அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பெறுபவர் காலமானார் என்று போன கிழமை திரும்பி வந்தது.

ஊரிலாவது அவர் பெயரைத் துடைக்கலாம் என்று சைக்கிளை எடுத்தேன். எவரிடமெல்லாம் கள்ளன் என்று சொன்னேனோ அவர்களைத் தேடிப் போகிறேன். பாதிப் பேருக்கு அப்படி ஒருவர் இருந்ததே நினைவில்லை. நேற்றுப் புதுக்குடியிருப்பில் ஒருவருக்கு நினைவிருந்தது. முதல் பொங்கலில் தன் மகளுக்கு நடைவண்டி வாங்கியவர். உன் முப்பத்தொன்றுக்கும் வந்து சாப்பிட்டவர்.

"அந்தாள் கள்ளனில்லை அண்ணை. பிழை எங்கடை பக்கம்" என்றேன்.

"எங்கடை பக்கமெண்டால்? ஆர் விட்ட பிழை?"

உன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நான்தான்" என்று சொல்லிவிட்டு எழும்பினேன். இன்னும் பதினாலு வீடு இருக்கிறது. அங்கேயும் அதையேதான் சொல்லப்போகிறேன். உனக்காக இல்லை, மச்சான். உன் பெயரோடுதான் தங்கச்சி இன்னும் இந்த ஊரில் இருக்கிறாள்.