ஜன்னலில் அடித்த கோணி

அனுப்புநர்:
வ. கெங்கம்மா, க/பெ. வரதன்,
7, கரிக்கிடங்குப் பின்புற லைன் வீடு,
இராயபுரம், சென்னை.

பெறுநர்:
வட்டார சுகாதார அதிகாரி அவர்கள்,
சுகாதார இலாகா, சென்னை.

பொருள்: என் மகள் மலர்க்கொடி (வயது 6) இறந்தது பற்றிய அறிக்கையில் என் பேரில் எழுதியுள்ள ஒரு வரியை அடித்துவிடவும், கரி இறக்கும் நேரத்தை மாற்றவும் கோருவது.

மரியாதைக்குரிய ஐயா,

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். மனு எழுதுகிறவரிடம் போனால் அவர் தன் வார்த்தையைப் போட்டுவிடுவார் என்று நானே எழுதுகிறேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. எங்கள் லைனுக்கும் கடலுக்கும் நடுவில் நிலக்கரிக் கிடங்கு இருக்கிறது. பதினொரு வருஷமாக இங்கே குடியிருக்கிறோம். முன்பெல்லாம் வேகன் கரியைக் காலையில் இறக்குவார்கள். காலையில் காற்று கடல் பக்கம் போகும். தூளும் அதோடு போய்விடும். போன ஆயுத பூஜைக்குப் பிறகு வந்த புதுக் காண்டிராக்டர் மதியத்துக்கு மேல் இறக்குகிறார். அந்த நேரம் கடல்காற்று ஏறிவிடும். தூள் முழுக்க எங்கள் வீடுகளுக்கு வருகிறது. பானையைத் திறந்து மூடுவதற்குள் சோற்றில் கறுப்பு விழுகிறது.

2. கார்த்திகையில் மலர்க்கொடிக்கு இருமல் கண்டது. சளி கறுப்பாக வந்தது. தர்ம ஆஸ்பத்திரியில் சிவப்புத் தண்ணி மருந்து கொடுத்தார்கள். தூசி படாமல் வைத்துக்கொள் என்று கம்பவுண்டர் சொன்னார். அன்றைக்கே என் வீட்டுக்காரர் ஜன்னலில் கோணி வைத்து ஆணி அடித்தார். எங்கள் வீட்டில் இருப்பது அந்த ஒரு ஜன்னல்தான்.

3. தை மாதம் 8-ம் தேதி வியாழக்கிழமை மதியம் குழந்தைக்கு மூச்சு இழுத்தது. “யம்மா, கோணிய எடும்மா, காத்தே வரல” என்று கேட்டாள். வெளியே கரி கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. “கொஞ்சம் பொறு கண்ணு, கரி எறங்கட்டும், அப்பால எடுக்கறேன்” என்றேன். இன்னொரு தடவை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. விளக்கு வைப்பதற்கு முன் போய்விட்டாள். அப்போதும் கரி இறங்கி முடியவில்லை.

4. மூன்றாம் நாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். ஜன்னலைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். “இது வீடா, பெட்டியாம்மா?” என்றார். ஏன் அடைத்தீர்கள் என்று கேட்கவில்லை. நானும் வாய் திறக்கும் நிலையில் இல்லை. அவர் எழுதிய தாளில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

5. அடுத்த வீட்டு ரோஸ்மேரி அக்கா பதினான்கு வீட்டில் கையெழுத்து வாங்கிக் கிடங்கின் பேரில் மனு போட்டிருந்தார். தங்கள் ஆபீசிலிருந்து வந்த பதிலில், இன்ஸ்பெக்டர் அறிக்கைப்படி குழந்தை இறந்ததற்கு வீட்டில் காற்றோட்டம் இல்லாமையும் தாயின் கவனக்குறைவுமே காரணம், கிடங்கின் பேரில் நடவடிக்கை தேவையில்லை என்று இருந்தது. அக்கா எனக்குப் படித்துக் காட்டத் தயங்கினார். நானே வாங்கிப் படித்தேன். எதற்குக் கையெழுத்துப் போட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

6. அடுப்பு அறைக்குள்தான் இருக்கிறது. ஜன்னல் அடைத்ததும் உண்மை. எதையும் மறைக்கவில்லை. தூசி படக்கூடாது என்று சொன்னதால் அடைத்தோம். திறந்து வைத்திருந்தால் பிள்ளையைத் தூளில் விட்டாள் என்று எழுதியிருப்பார்கள்.

ஆகவே ஐயா, அந்த வரியை அடித்து, ஜன்னலை ஏன் அடைத்தோம் என்பதை எழுதச் சொல்லவும். கரியை முன்போலக் காலையில், தண்ணீர் தெளித்து இறக்க உத்தரவு போடவும். இந்த லைனில் இன்னும் ஒன்பது சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கு இருமல் ஆரம்பித்திருக்கிறது.

கோணியை இப்போது எடுத்துவிட்டோம். தாங்கள் ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு வந்து அந்த ஜன்னலண்டை அரைமணி நேரம் உட்கார வேண்டும். அதற்குப் பிறகு, என் மகள் கேட்டபோது நான் அதை எடுத்திருக்க வேண்டுமா, கூடாதா என்று தாங்களே சொல்லவும். யாரைக் கேட்டாலும் அழாதே என்கிறார்கள். எனக்குப் பதில் தெரிய வேண்டும்.

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
வ. கெங்கம்மா

இடம்: இராயபுரம்
நாள்: 15-3-1954

இணைப்பு: மேற்படி கோணியில் ஒரு சாண். உதறாமல் மடித்து வைத்திருக்கிறேன். கடல் பக்கம் இருந்த முகம் எது என்று பார்த்தாலே தெரியும்.