கிடாரில் போட்ட பென்சில் கோடு

சனிக்கிழமை, ஒன்பதாம் தேதி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாமாவும் நலம். மாமாவுக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை. தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இவர் முக்குக் கடை வரை நடந்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஊர்வம்பு பேசிவிட்டு, யாருடைய வண்டியிலாவது தொற்றிக்கொண்டு வீடு திரும்புகிறார். நீயும் உன் மனைவியும் குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டதாமே. வாயைத் திறந்து சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பச் சொல்.

உன் கிடார் புதன்கிழமை பார்சலில் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தது. என் ரிப்பேர் கடையில் பெட்டியைத் திறந்ததும் பக்கத்துக் கடை டெய்லரம்மா எட்டிப் பார்த்து, "இது இன்னும் உயிரோட இருக்கா?" என்று கேட்டார். நம் இருவரையும்விட இது வயதில் மூத்தது என்று சொன்னேன். நீல வண்ணம் இன்னும் கொஞ்சம் வெளிறியிருக்கிறது. உன் முழங்கை உரசுகிற இடத்தில் மரம் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிகிறது. பத்தொன்பது வயதில் நீ இதை வாங்கிய அன்று, ஸ்கூட்டரில் எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு இதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்து வந்தாய். மேடு பள்ளத்தில் எல்லாம் "மெதுவாக்கா, மெதுவாக்கா" என்று என் காதைத் தின்றாய்.

விஷயத்துக்கு வருகிறேன். கிடாரின் சத்தம் மங்கிவிட்டது, மேல் கம்பிகள் போர்வைக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கின்றன என்று எழுதியிருக்கிறாய். கம்பிகளின் அதிர்வைப் பிடிக்கும் பழைய பிக்கப்பை எடுத்துவிட்டு, நீ அனுப்பியிருக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பைப் போடச் சொல்கிறாய். அது பழையதைப் போல் இரண்டு மடங்கு அகலம். இருக்கிற குழிக்குள் போகாது. மெஷினை வைத்து மரத்தைக் குடைந்தால்தான் உட்காரும். அறுபது வருஷமாக யாரும் கைவைக்காத மரம் இது. குடைந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் மரத்துண்டை ஒட்டி அடைக்கலாம், வண்ணமும் பூசலாம். ஆனால் பழைய கிடார் திரும்பி வராது. இது உனக்குத் தெரியாததல்ல.

என் பழக்கம் உனக்குத் தெரியும். எதைத் திறந்தாலும் முதலில் மீட்டர் வைத்துப் பார்ப்பேன். அளவை ஒரு துண்டு டேப்பில் எழுதி, தேதி போட்டு, உள்ளேயே ஒட்டிவிடுவேன். உன் கிடாருக்குள் அப்படி நான்கு துண்டுகள் இருக்கின்றன. முதல் துண்டுக்குப் பதினோரு வயது. நான்கிலும் ஒரே எண்தான். இந்த வாரம் ஐந்தாவது தடவை அளந்தேன். அதே எண். காந்தமும் சரியாக இருக்கிறது, கம்பிச் சுருளும் சரியாக இருக்கிறது.

ஆனாலும் நீ சொன்னபடி வேலையை ஆரம்பித்துவிட்டேன். மேலே டேப் ஒட்டி, அதன்மேல் குடைய வேண்டிய அளவைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மெஷினை இன்னும் கையில் எடுக்கவில்லை. இருபத்தெட்டாம் தேதி நிகழ்ச்சி, அதற்குப் பிறகு ஆறு மாதச் சுற்றுப்பயணம், அதில் நீ இருப்பாயா வேறு ஒருவன் இருப்பானா என்று உங்கள் குழுவின் பாடகர் அன்றைக்குத்தான் சொல்வார் என்பதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு இருக்கும் தவிப்பு எனக்கும் இருக்கிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் காகிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் எது சொன்னாலும் "சரிக்கா, சரிக்கா" என்கிறாய். போன ஞாயிறு, எப்போது வருகிறாய் என்று கேட்டேன். அதற்கும் "சரிக்கா" என்றாய். கடிதம் என்றால் ஆற அமரப் படிக்கலாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. மங்கலாகக் கேட்பது உன் கிடார் மட்டும்தானா? பாடகர் குரலும் கீபோர்டும் பழையபடியே கேட்கின்றனவா? யோசித்து எழுது. பதில் வந்த பிறகு மெஷினை எடுக்கிறேன்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா

*

செவ்வாய்க்கிழமை, பத்தொன்பதாம் தேதி, கடையிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

கிடாரை வாங்கிப் போக நீ அனுப்பிய ஆள் எனக்கு எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். உங்கள் டிரம்மர்தான், குண்டூசி என்று நீங்கள் கூப்பிடுகிறீர்களே, அவன். பெயர் பொருத்தம்தான், ஸ்டூலில் ஆள் இருப்பதே தெரியவில்லை. அவனுக்கு இன்னும் ஒன்றே கால் மணி நேரத்தில் பஸ். அதற்குள் இதை எழுதி முடித்தாக வேண்டும். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கத்தியதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. "மரம் குடையச் சொன்னா கதை எழுதுற, நீ வெட்டலைன்னா வெட்டுறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க" என்றாய். இருக்கிறார்கள்தான். உங்கள் ஊரில் அரை நாளில் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். யாரும் உன்னை ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். எனக்கு இருக்கும் பயமே அதுதான்.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. அதனால் வந்தவனைக் கேட்டேன். முதலில் மென்று முழுங்கினான். பிறகு, "அண்ணன் முன்னாடி ஆம்ப்ளிஃபயரை மூணுல வச்சுத்தான் வாசிப்பாரு. இப்போ எட்டுல வைக்கிறாருக்கா. கீபோர்டுக்காரர் காதுல பஞ்சு வச்சுக்கிட்டுத்தான் உக்கார்றாரு. பாடகர் கத்துறதும் அதுக்குத்தான்" என்றான். பாடகர் உனக்குக் குழி பறிக்கிறார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார், அவ்வளவுதான்.

அவனிடமே உன் கிடாரைக் கொடுத்து, என் மேசையில் இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, மேல் கம்பியை மட்டும் மீட்டச் சொன்னேன். சத்தக் குமிழைப் பாதிகூடத் திருகவில்லை. டெய்லரம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "யம்மா, பல்லு கூசுது, நிறுத்தச் சொல்லு" என்று கத்தினார். அந்தப் பழைய பிக்கப்தான் தம்பி. போர்வையும் இல்லை, ஒன்றும் இல்லை.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன். மூன்று மாதம் முன்பு நீயே கிடாரைக் கொண்டுவந்தாய். அன்றைக்கும் இதே புகார்தான். அளந்து பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. நீ கடை வாசலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். காபி ஆறுகிறது என்று உன்னை மூன்று முறை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை கத்தியே விட்டேன். நீ திரும்பவில்லை. கடைசியில் டெய்லரம்மா வந்து உன் தோளைத் தொட்டு என் பக்கம் கையைக் காட்டினார். நீ திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது அப்பாவின் சிரிப்பு.

தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. உன் பிழைப்பே காதை நம்பி இருக்கிறது. அதை எப்படி உன் முகத்துக்கு நேராகச் சொல்வது? டோன் குமிழுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டேன். அதைக் கழற்றினால் கிடார் எவ்வளவு கூர்மையாகக் கத்த முடியுமோ அவ்வளவு கத்தும். ஏதோ ஒரு பாகத்தை மாற்றினேன், சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொன்னேன். "இப்பதான்க்கா உயிர் வந்துச்சு" என்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். மாமாவிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. நீ டாக்டரிடம் போயிருக்க வேண்டிய மூன்று மாதத்தை நான் பாழடித்துவிட்டேன். அந்த மூன்று மாதமும் நீ எட்டில் வைத்து வாசித்திருக்கிறாய்.

அப்பாவை நினைத்துப் பார். அச்சகத்தில் மெஷினுக்குப் பக்கத்திலேயே முப்பது வருஷம் நின்றவர். நமக்கு அப்போது என்ன தெரியும்? நீயும் நானும் அவர் முன்னால் போய், "அப்பா, பூனைக்குச் சட்டை தைக்கட்டுமா?" என்று கேட்போம். "சரிம்மா" என்பார். "அப்பா, நாளைக்கு நீங்க பள்ளிக்கூடம் போங்க, நாங்க வேலைக்குப் போறோம்" என்பாய் நீ. அதற்கும் "சரிப்பா" என்பார். நாம் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்து விழுந்து சிரிப்போம். நாம் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரிப்பார். வீட்டுக்கு யாராவது வந்தால் உள் அறைக்குப் போய்விடுவார். அம்மா அதைத் திமிர் என்றாள். நாம் கூச்சம் என்று நினைத்தோம். கடைசி வரை ஒருவரும் அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. அவரும் கேட்கவில்லை.

நேற்று உன் மனைவியிடம் பேசினேன். அவளைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். குட்டி இப்போதெல்லாம் உன்னைக் கூப்பிடுவதே இல்லையாமே. முதலில் உன் சட்டையைப் பிடித்து இழுக்கிறாளாம், நீ குனிந்து அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் பேசுகிறாளாம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆறு வயதுக் குழந்தை தானாகப் பழகிக்கொண்டிருக்கிறாள். இதைச் சொல்லும்போது உன் மனைவி அழுதுவிட்டாள். நானும்தான்.

இப்போது கிடாரின் கதை. நான் வெட்டவில்லை. பென்சில் கோடு போட்ட டேப்பை அப்படியே விட்டிருக்கிறேன், அது வண்ணத்தைக் கெடுக்காது. புது பிக்கப் பெட்டியின் சின்ன அறையில் இருக்கிறது. வேறு யாரிடமாவது கொடுத்து வெட்டத்தான் போகிறாய் என்றால், கோட்டின்படி வெட்டச் சொல், அளவு சரியாக இருக்கும். உன் கிடார், உன் கை, நான் தடுக்க முடியாது. ஆனால் நான் கழற்றிய ஒயரைக் காலையில் பற்றவைத்துவிட்டேன். அதனால் இது உன் கைக்கு வரும்போது முன்பைவிட மங்கலாகக் கேட்கும். அது கிடாரின் குறை இல்லை. அதன் குரலே அதுதான், பத்தொன்பது வயதில் நீ கேட்டு மயங்கிய குரல். என் பொய்யை மட்டும்தான் வெளியே எடுத்திருக்கிறேன்.

பெட்டியின் அதே அறையில் ஒரு சீட்டும் இருக்கிறது. காது டாக்டரிடம் வியாழன் காலை பத்தரைக்கு உன் மனைவி நேரம் வாங்கி வைத்திருக்கிறாள், அதை நான் எழுதி வைத்திருக்கிறேன். இருபத்தெட்டுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. மருந்து என்று சொல்லலாம், காதில் மெஷின் மாட்டச் சொல்லலாம், இனி சத்தத்துக்குப் பக்கத்தில் நிற்காதே என்றும் சொல்லலாம். அந்தக் கடைசி வார்த்தை உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். டாக்டர் உன் காதில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதத்தையும் கிடாரையும் எடுத்துக்கொண்டு வா. உன் கண் முன்னாலேயே என் கையால் மரத்தைக் குடைந்து புது பிக்கப்பைப் போட்டுத் தருகிறேன். நான் உளறியதற்கு டெய்லரம்மாவைச் சாட்சி வைத்து மன்னிப்பும் கேட்கிறேன்.

குண்டூசி மணியைப் பார்க்கிறான். அவனிடம் நான் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. இந்தக் கடிதத்தையும் ஒட்டித்தான் கொடுக்கிறேன். நீயாகச் சொல்லும்வரை இது வெளியே போகாது.

நீ நன்றாக இருக்க வேண்டும். ஆயுசு முழுக்க வாசிக்க வேண்டும். குட்டி பின்னாலிருந்து கூப்பிட்டால் நீ திரும்ப வேண்டும். இதைத் தவிர அக்காவுக்கு வேறு ஆசை இல்லை.

இந்தக் கடிதத்துக்கு எப்படி வேண்டுமானாலும் பதில் எழுது. உனக்கென்ன தெரியும் என்று திட்டி எழுது. போக மாட்டேன் என்று எழுது. பயமாக இருக்கிறது என்று எழுது, அடுத்த பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். "சரிக்கா" என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் அக்கா