ஹார்ட் டிஸ்குக்கு ஒரு பனியன்

பீரோவைத் துப்புரவு செய்தபோது அடித்தட்டில் ஒரு பனியன் கிடைத்தது. உள்ளங்கை அளவு. கருநீலம், உள்ளே கதகதப்பான ஃபிலீஸ் துணி, ஓரத்தில் எக்ஸ்எல் என்று சைஸ் லேபிள், அதற்குக் கீழே இஸ்திரி போடக் கூடாது என்று படம் போட்ட இன்னொரு லேபிள்.

"எந்தக் கொழந்தையோடதுங்க இது?" என்றாள் என் மனைவி.

"ஹார்ட் டிஸ்கோடது."

அவள் அதை மடித்து என் கையில் கொடுத்தாள். உன்னைத் தெரிந்தவர்களுக்கு அந்த விளக்கம் போதும்.

நீயும் நானும் ஒரே பனியன் கம்பெனியில் இருந்தோம். வெளிநாட்டுக்காரர்களிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் எழுதுவது என் வேலை. அந்த மன்னிப்புக்குக் காரணமான சரக்கை உற்பத்தி செய்வது உன் வேலை. தையல் மெஷின்கள் மொத்தமும் ஓடும்போதும் உன் குரல் கடைசி வரிசைவரை கேட்கும். முதலாளிக்கு ஒலிபெருக்கிச் செலவை மிச்சமாக்கிய குரல். அந்தக் குரல்வளையைத்தான் எடுத்துவிட வேண்டும் என்று கோயம்புத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று மாலை நம் ஊர் ராயபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாய். ஆறுதல் சொல்வதற்காக, படித்த புத்தகங்களிலிருந்து இரண்டு நல்ல வாக்கியங்களை எடுத்து வைத்திருந்தேன். நீ நேராகக் கணினியிடம் போனாய்.

"மாப்ளே, இதுல மைக் இருக்குதல்லோ? பாப்பாவுக்கு நாலு வயசுதான். அவளைத் திட்ட வேண்டியது இன்னும் எத்தனையோ கெடக்குது. எல்லாத்தையும் இப்பவே திட்டி வெச்சர்றேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. பரீட்சையில் மார்க் குறைந்தால் கேட்க ஒரு பதிவு. ஸ்கூட்டி வேண்டுமென்று அடம்பிடித்தால் ஒன்று. யாரையோ பிடித்திருக்கிறது என்று வந்து நின்றால் ஒன்று. அதில் திட்டு குறைவு, விசாரணை அதிகம். கல்யாணத்தன்று கேட்க ஒன்று. எம்பி3 ஆக்கினால் இடம் மிச்சமாகும் என்றேன். "சுருக்குனா துணிச் சாயமாட்ட ஷேட் மாறிப்போயிருமப்பா. எம்பட குரலு எம்பட குரலாட்டவே இருக்கோணும்" என்றாய். கணினியில் இடம் தீர்ந்தது. வெளியே வைக்கிற ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கப் போனோம்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். பெரியதற்குத் தனி அடாப்டர் உண்டு; அதே விலைக்கு இரண்டு மடங்கு இடம். சிறியது சட்டைப்பைக்குள் போகும். கணினியில் செருகுகிற யூஎஸ்பி வயரிலேயே ஓடும். "பெருசே எடுத்துக்கங்க, அதுதான் லாபமுங்க" என்றார். நீ இரண்டையும் கையில் எடை பார்த்தாய்.

"எம்பொண்ணு ஹாஸ்டலுக்குப் போவா, வாக்கப்பட்டும் போவா. அப்பன் கூடப் போறதுக்குத் தோதா இருக்கோணுமல்லோ?"

சிறியதை எடுத்தாய். ஆனால் துவைத்துப் பார்க்காத துணிக்கு நீ ஒருநாளும் ஓகே சொன்னவனில்லை. பென் டிரைவில் கொண்டுபோன ஒரு பதிவை அதில் ஏற்றி, கழற்றி, வேறொரு கணினியில் ஓட்டிக் காட்டச் சொன்னாய். "ஏம்புள்ள, இன்னுமா சாப்பிடலே நீயி?" என்று ஸ்பீக்கர் அதட்டியது. கடைக்காரர் பதறி, "இன்னும் இல்லீங்க" என்றார்.

நம் ஊரில் பஞ்சுத் தூசி புகாத இடம் கிடையாது. ஆகவே டிஸ்குக்கு அளவெடுத்து, சாம்பிள் செக்‌ஷனில் நீயே பனியன் தைத்தாய். ஃபிட்டிங்கில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய நாள் பதிவுகளையெல்லாம் அதற்கு மாற்றினோம், பனியனோடேயே. காப்பி எடுக்கிறேன் என்றேன். கணினியில் மிச்சம் வைக்காமல் கட் பண்ணி மாற்றச் சொன்னாய் நீ. "அனுப்புன சரக்கு குடோன்லயும் கெடந்தா அப்பறம் அது என்ன டெலிவரி?" எனக்கும் நியாயமாகவே பட்டது.

பாதியில் நின்றுபோனது. தொட்டால் தோசைக்கல். ஓடினால் சூடாகிற பொருளுக்கு ஸ்வெட்டர் போட்டவர்கள் நாம் இருவராகத்தான் இருப்போம். உரித்து, ஃபேனுக்கு அடியில் வைத்து, நீ வாயாலும் ஊதி, ஆறியபின் செருகினோம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். எல்லாம் பேசின. கல்யாணப் பதிவு மட்டும் திறக்கவில்லை. கணினியிலும் அது இல்லை.

அதற்குள் உன் குரல் பாதி காற்றாகிவிட்டிருந்தது. "மறுபடியும் பேசறயா?" என்றேன். மைக்கை இழுத்தாய். முன்பு அரை மணி நேரம் பேசியதற்குப் பதிலாக இப்போது ஒரே வாக்கியம்:

"சாப்புட்டுட்டு மேடைக்குப் போ, கண்ணு."

"போதும் மாப்ளே" என்று நீயே நிறுத்தினாய். இம்முறை காப்பி எடுத்தோம், பனியன் இல்லாமல்.

குரல் போனபின் ஒரு விசில் வாங்கி, மிச்ச ஆண்டுகளையும் அதை ஊதியே தையல் வரிசைகளை நடத்தினாய். விசிலிலும் கெட்ட வார்த்தை உண்டு என்று எல்லோருக்கும் புரிந்தது. நீ போனபிறகு, பழைய டிஸ்க் களைக்கும் முன்பே புதியதற்கு மாற்றி மாற்றி உன்னைப் பாப்பாவிடம் ஒப்படைத்து வருகிறேன்.

போன தை மாதம் அவிநாசியில் அவளுக்குக் கல்யாணம். மணமகள் அறையில் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாள். பிறகு, முகூர்த்தம் நெருங்குகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் கதவைத் தட்டத் தட்ட, உட்கார்ந்து நிதானமாக இட்லி சாப்பிட்டாள். "இதென்னுங்க பொண்ணு இப்படி?" என்றார் சம்பந்தியம்மாள்.

"அவுங்கப்பன் சொல்லீட்டாருங்க" என்றேன்.

"மொதல்ல பேசுனதுல அப்பா என்னங்க மாமா சொல்லியிருந்தாரு?" என்று இப்போது போனில் கேட்கிறாள். அழிந்துபோன அந்த அரை மணி நேரத்தைக் கேட்டவன் நான் ஒருவன்தான். ஒவ்வொரு முறையும் ஒரு துண்டாகச் சொல்லி வருகிறேன். கல்யாணப் பந்தி ரசத்தைப் பற்றிய உன் கண்டனம். வேலையை விடச் சொன்னால் விடாதே என்றது. சண்டை வந்தால் யார் பேச்சையும் கேட்காமல் முதலில் தூங்கு என்றது. ஏறக்குறைய எல்லாம் கொடுத்தாயிற்று.

ஓர் இடம்தான் பாக்கி. "உங் கல்யாணத்தன்னைக்கு நானு..." என்று ஆரம்பித்து நின்றாய். மைக் போய்விட்டது என்று நினைத்து நான் அதைத் தட்டிப் பார்த்தேன். மைக் நன்றாகத்தான் இருந்தது. நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வெகுநேரம் கழித்து ரசத்துக்குத் திரும்பினாய். அந்த இடத்தை அவளிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதில் பேச்சே இல்லை. அது மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.