அப்பாவின் கடைவாய்ப் பல்

மார்ச் 7, செவ்வாய்
பள்ளியில் நான் சொல்லிக்கொடுக்க அறுபத்து மூன்று பிள்ளைகள் வரிசையில் நின்று பல் தேய்த்தார்கள். "அக்கா, நுரையை முழுங்கினா வயித்துல பல்லு முளைக்குமா?" என்றாள் ஒரு குட்டி. வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம்தான் எனக்குப் பேச்சு வருகிறது. அவர்களால் பதில் சொல்ல முடியாது.

மதியம் அப்பா இடது பக்கமாகவே மென்றார். பாதி மரவள்ளியை வைத்துவிட்டார். அவர் மீதி வைத்ததைப் பிள்ளைகள் நாங்கள் தொடக் கூடாது, டோங்கா வழக்கம். அம்மா எடுத்துப் போய்ப் பன்றிக்குப் போட்டாள்.

மார்ச் 9, வியாழன்
அப்பாவுக்கு வலது கன்னம் வீங்கியிருக்கிறது. கீழ்க் கடைவாய்ப் பல்லாகத்தான் இருக்கும். கதவருகே நின்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. கிராம்பு வச்சிருக்கேன்."

பக்கத்து வீட்டு ஃபீனாவு சும்மா இருப்பாரா? "வீட்டுலயே பல்லுக்குப் படிச்சவளை வச்சுக்கிட்டுக் கிராம்பைக் கடிக்கிறியேப்பா."

"அவ என் மக. என் தலையில கை வைக்கவா ஃபிஜிக்கு அனுப்பிப் படிக்க வச்சேன்?"

இருவரும் சிரித்தார்கள். நான் அடுக்களையில் இருந்தேன்.

டோங்காவில் எந்தப் பிள்ளையும் அப்பாவின் தலையைத் தொடாது. சின்ன வயதில் அவர் முடியில் விழுந்த இலையை எடுக்கப் போய் அம்மாவிடம் அடி வாங்கினேன். ஃபிஜியில், சுவா நகரத்தில் மூன்று வருடம் எத்தனையோ பேருடைய தாடையைப் பிடித்தாயிற்று. இந்த ஒன்று —

மார்ச் 10, வெள்ளி
அம்மா கையில் மாத்திரை கொடுத்தனுப்பினேன். விழுங்கினார். அழுகிய பல் உள்ளேயே இருக்கும்போது மாத்திரை எவ்வளவுதான் செய்யும்? எங்கள் தீவின் ஒரே நர்ஸ் ஏதோ பயிற்சிக்காக வெளியே போயிருக்கிறாள். காற்று ஓயவில்லை, பெரிய தீவின் ஆஸ்பத்திரிக்குப் படகு கிடையாது. பல் எடுக்கத் தெரிந்தவள் இங்கே நான் ஒருத்திதான்.

கருவிகளைக் கொதிக்க வைத்தேன். "அப்பா, நான் எடுத்துரட்டுமா?" — மூன்றே சொல். நடந்துகொண்டே சொல்லிப் பார்த்தேன். அவர் அறை வாசலுக்குப் போனேன். நிமிர்ந்து பார்த்தார்.

"டீ வேணுமாப்பா?" என்றேன்.

"ம். கொடு."

மார்ச் 11, சனி
வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கிவிட்டது. டீயை விழுங்க முடியவில்லை. இது மூச்சை அடைக்கும் வரை போகும் என்று எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். தெரிந்தும் ஏன் வாசலிலேயே நிற்கிறேன்?

மார்ச் 12, ஞாயிறு
காற்று நின்றுவிட்டது. ஆனால் ஓய்வுநாள். "எனக்காக இன்னிக்கு ஒரு படகும் கடல்ல இறங்கக் கூடாது," என்றார் அப்பா, சர்ச் மூப்பர் அல்லவா. குரல் குழறியது.

கேட்டேன். கடைசியில் கேட்டுவிட்டேன். அவர் சரி என்று தலையாட்டினார். அவ்வளவுதான், ஒரு தலையாட்டல்.

கன்னத்தைப் பிடித்தேன். சுட்டது. வாய் திறக்கவில்லை. என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. முயற்சி செய்தார் பாவம், கண்ணில் நீர் வந்தது. "விடுப்பா, போதும்ப்பா," என்றேன்.

மார்ச் 13, திங்கள்
விடிந்ததும் படகில் ஏற்றினோம். பாதி வழியில் மூச்சு நின்றது.

மார்ச் 20, திங்கள்
ஆக்லாந்திலிருந்து அப்பாவின் அக்கா வந்திருக்கிறாள். துக்க வழக்கப்படி அவள்தான் என் முடியை வெட்டினாள். வெட்டிக்கொண்டே, "முன்னாடியே கேட்டிருந்தா முதல்ல முறைச்சிருப்பான். அப்புறம் வாயைத் திறந்திருப்பான். நீ கேட்டா அவனால மாட்டேன்னு சொல்ல முடியாதுடி," என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

ஏப்ரல் 4, செவ்வாய்
மீனவர் கலிஃபியை அவர் மகள் கூட்டி வந்தாள். "அக்கா, நான்தான் போலாம்னு சொன்னேன். கன்னாபின்னான்னு திட்டினார். ஆனா வந்துட்டார்." சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

வலது பக்கம், கீழ்க் கடைவாய். மரத்துப்போக ஐந்து நிமிடம். எடுக்க மூன்று.